வாசல் மாறிய கடை

காபெஸ் ஊரில் ஷத்லியா அரைக்கும் ஹரிஸா மிளகாய் விழுதுக்கு நிகர் கிடையாது. ஆனால் வீட்டிலேயே கடை போட்டபோது ஜாடிகள்தான் காலியாயின, கல்லா நிறையவே இல்லை.

என்ன கோளாறு என்று பார்க்க வட்டார வளர்ச்சிச் சங்கத்திலிருந்து இனெஸ் வந்தாள். உட்கார்ந்ததும் தேநீர், ரொட்டி, ஹரிஸா. கிளம்பும்போது கையில் ஒரு ஜாடி.

"இது எவ்வளவுக்கா?"

"வீடு தேடி வந்தவகிட்ட காசு வாங்குறதா? எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"எல்லார்கிட்டயும் இதே கதைதானா?"

"பின்னே? என் வாசப்படி மிதிச்சா விருந்தாளிதான்!"

இனெஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். இவளை மாற்ற முடியாது, வாசலைத்தான் மாற்ற வேண்டும். சங்கம் பேருந்து நிலையத்தருகே கடைக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்தது. அரவை இயந்திரம் வாங்கவும் கைகொடுத்தது. "இது வீடில்லக்கா, கடை. இங்க யாரும் விருந்தாளி இல்ல" என்று இனெஸ் சொல்லிவைத்தாள்.

அடுத்த மிளகாய்ப் பருவத்தில் ஷத்லியாவிடம் ஆறு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவள் பெயர் ஒட்டிய ஜாடிகள் தலைநகரத்துக்கு லாரி ஏறின. லாரி கிளம்பும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று பார்ப்பாள். மகளை மணமுடித்து அனுப்பும் தாய்க்குக்கூட அத்தனை பெருமிதம் இருக்காது.

ஒருநாள் கடைக்கு வந்த இனெஸ், உரிமையோடு ஒரு ஜாடியை எடுத்துப் பையில் போட்டாள்.

"ராசாத்தி, நாலு தினார்!" ஷத்லியா கையை நீட்டினாள்.

"எனக்குமாக்கா?"

"வீட்டுக்கு வா, வயிறு முட்ட கூஸ்கூஸ் ஆக்கிப் போடுறேன். இது கடை. நீதானேடி சொல்லிக்கொடுத்தே?"

நாலு தினாரை இனெஸ் அதுவரை யாருக்கும் அவ்வளவு சந்தோஷமாகக் கொடுத்ததில்லை.