கம்ப்ரசருக்குப் போட்ட மாலை

எண்பதுகளில் ஏ.சி. வைத்த பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிவந்தேன். காளவாசலில் பட்டறை வைத்திருந்த சேவியர்தான் அதன் கம்ப்ரசரைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார். ஆயுத பூஜை முடிந்த மறுநாளே அது கிரீச்சென்று கத்தியது, குளிரும் நின்றுபோனது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பட்டறையில் நாலு பேர் நிற்கும்போதே, "பூஜை போட்ட வண்டிய இப்படிப் பாழாக்கிட்டியேப்பா. விபூதி பூசாத ஆளுகிட்ட விட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்றேன்.

அவர் பானெட்டைத் திறந்தார். கம்ப்ரசரின் பெல்ட்டில் சுற்றிக் கருகிக் கிடந்த செவ்வந்தி மாலையின் நாரை உருவினார். கம்ப்ரசருக்குப் பக்தியோடு நான் போட்ட மாலை. கழற்ற மறந்து பானெட்டை மூடியிருக்கிறேன்.

யாரும் பார்க்குமுன் அதைக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார். "சாமிக்குப் போட்டதுண்ணே, இந்த எண்ணெய்த் தரையில போடக் கூடாது" என்றார் மெதுவாக. பிறகு எல்லோருக்கும் கேட்க, "பெல்ட்ட நான் சரியா மாட்டல. அம்புட்டுத்தான்" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் ஏசத் தெரிந்த வாய், உண்மையைச் சொல்ல ஏன் திறக்கவில்லை? இன்றும் விபூதியைக் கையில் எடுக்கும்போது என் மேலேயே கோபம் வருகிறது.