சின்னமுத்துக்குப் பயந்த மாதங்கள்

கனகேஸ்வரி யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பாலர் பாடசாலை நடத்தியவள். ஊர்ப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, மடியில் இருத்திச் சோறு தீத்திப் பழகியவள். அப்படிப்பட்டவள் கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்த பிறகு, எதிரே ஒரு பிள்ளை இருமினால் மகனை இழுத்துக்கொண்டு தெருவின் மறுபக்கம் போகத் தொடங்கினாள்.

மகன் நிரூபனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டதும் அவனோடு கப்பலேறிக் கொழும்புக்கு வந்தவள் அவள். கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பயண அனுமதி கிடைக்கவில்லை. போரால் தரைப்பாதையும் மூடியிருந்ததால் அவர் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். நஸீறா என்ற விதவையின் வீட்டுப் பின்னறையை வாடகைக்கு எடுத்து, சாறி பிளவுஸ் தைத்துக்கொண்டு, இரண்டு வருடத்துக்கு மேலாக மகனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினாள். 1999ஆம் ஆண்டு நடுப்பகுதியில் சிகிச்சை முடிந்தது. அவனுக்குத் தலைமயிர் திரும்ப முளைத்தது.

அந்த மகிழ்ச்சியோடு இருந்தவளிடம் டொக்டர் சின்னமுத்து என்கிற தட்டம்மையைப் பற்றிச் சொன்னார்.

"சின்னமுத்து இப்ப கொழும்பிலை பரவுது. கவனம்."

"அவனுக்குச் சின்னனிலை எல்லா ஊசியும் போட்டனாங்கள், டொக்டர்."

"போட்டிருப்பீங்கள். ஆனா நாங்கள் குடுத்த மருந்து, அந்த ஊசியள் தந்த பாதுகாப்பையும் கனக்க அழிச்சிருக்கும். திரும்பப் போடவேணும். சின்னமுத்து ஊசி உயிருள்ள கிருமியிலை செய்யிறது, உடம்பு தேறாமல் அதைப் போட ஏலாது. ஆறு மாதமாவது போகட்டும்."

"அதுமட்டும் நான் என்ன செய்யிறது?"

"ஆக்களுக்குள்ளை விடாதேங்கோ."

அவள் விடவில்லை. பள்ளிக்கூடம் இல்லை, கடற்கரை இல்லை, கோயிலும் இல்லை. நிரூபன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தண்டவாளத்தில் போகும் ரயில்களைப் பார்த்தே நாளைக் கழித்தான்.

நகரில் குண்டு வெடித்த மறுநாள் காலை பொலிஸார் ஒழுங்கைக்குள் வீடு வீடாக வந்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி உள்ளவர்களையெல்லாம் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். நஸீறா மாளிகாவத்தையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளையை விட்டுப்போக ஆளில்லை. கனகேஸ்வரி அவனையும் கூட்டிக்கொண்டு ஏறினாள்.

ஒரு மண்டபத்துக்குள் எல்லாரையும் அடைத்தார்கள். ஜன்னல்கள் பூட்டியிருந்தன. பக்கத்தில் இருந்த இளம் தாயின் மடியில் ஒரு பெண் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, காதுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டுகள். கனகேஸ்வரிக்கு ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"தங்கச்சி, எப்பயிலிருந்து காய்ச்சல்?"

"முந்தநாள் தொடங்கினது அக்கா. லொட்ஜிலை எல்லாப் பிள்ளையளுக்கும் வந்தது."

கனகேஸ்வரி மகனின் முகத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "சரம்ப, மஹத்தயா, சரம்ப. மகே புதாட பிளிகா," என்று கெஞ்சினாள். சின்னமுத்து, என் மகனுக்குப் புற்றுநோய் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வெளியே வெயிலில் நிற்கவாவது விடச் சொல்லிக் கேட்டாள். இன்ஸ்பெக்டர் அவளைப் பார்க்காமலே, எல்லாரும் ஏதோ ஒரு கதை சொல்வார்கள் என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் திரும்பி வந்து அந்தத் தாயிடம் விஷயத்தைச் சொன்னாள். கௌரி என்ற அந்தப் பெண் உடனே எழுந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கக்கூஸ் பக்கத்து நடையில் போய் நின்றாள். காவலில் நின்றவன் உள்ளே போகச் சொல்லி அதட்டியபோதும் அசையவில்லை. கனகேஸ்வரிக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. அதே நேரம் அந்தக் குழந்தை மேல் ஆத்திரமும் வந்தது. தன் வாழ்க்கையில் அவள் ஒரு பிள்ளையை வெறுத்தது அன்றைக்குத்தான்.

பின்னேரம் நஸீறா தேடி வந்து, பொலிஸாரிடம் பொறுப்பு நின்று அவர்களை வெளியே எடுத்தாள். "நீங்க புள்ளய எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க மகள். இங்க உள்ளத நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

டொக்டர் அன்றே மருந்து ஏற்றினார். "இது மற்ற ஆக்களின்ரை ரத்தத்திலையிருந்து எடுத்த எதிர்ப்புச் சக்தி. கொஞ்ச நாளைக்குத்தான் நிக்கும். நோய் வராமல் தடுக்கலாம், வந்தாலும் வேகத்தைக் குறைக்கலாம். உறுதியாச் சொல்ல ஏலாது."

பிறகு வாரக்கணக்கில் காத்திருப்பு. விடிந்தால் அவள் முதலில் பார்த்தது அவனுடைய காதுக்குப் பின்னால்தான். இரண்டாம் கிழமை காய்ச்சல் வந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டியது, மூச்சு இழுத்தது. ஒக்சிசன் குழாயோடு கிடந்த மகனின் கால்மாட்டில் இருந்து அவள் கணவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள். இது அங்கே போய்ச் சேருகிறபோது இவன் இருப்பானோ என்ற நினைப்பு வந்ததும் கிழித்துவிட்டாள். ஒரு கட்டத்தில் அவள் கடவுளுக்கு நேர்த்தி வைப்பதையும் நிறுத்திவிட்டாள். கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை என்றிருந்தது.

அவன் பிழைத்தான். மருந்து வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்றார் டொக்டர். ஆனால் இடது காது சரியாகக் கேட்காமல் போனது.

அவள் கௌரியைத் தேடி லொட்ஜுக்குப் போனாள். அவர்கள் வவுனியாவுக்குப் போய்விட்டார்களாம். குழந்தை சுகமா என்று கேட்டதற்கு அங்கே ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

மற்ற ஊசிகளையும் முதலிலிருந்து போடவேண்டியிருந்தது. கிளினிக்கில் கைக்குழந்தைகளின் வரிசையில் எட்டு வயது நிரூபன் வெட்கத்தோடு நின்றான். "இனிப் பள்ளிக்கூடத்துக்கு விடலாம்," என்று டொக்டர் சொன்ன பிறகும் கனகேஸ்வரிக்கு மனம் துணியவில்லை. இன்னும் ஒரு பள்ளித் தவணை முழுவதும் அவனைத் தன்னோடு அந்தப் பின்னறையிலேயே வைத்திருந்தாள்.