இரண்டு இன்ச் கூடுதல் நீளமான ஷாக் அப்சார்பர்

தாமல் ஏரிக்கரைப் பள்ளங்களில் அடி தட்டக் கூடாதென்று என் குட்டி ஜீப்பை இரண்டு இன்ச் தூக்கிக் கட்டினேன். ஸ்பிரிங் உயர்ந்தது, ஷாக் அப்சார்பர் மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது எட்டாமல் 'டங்'கென்று இழுக்கிறது.

இன்று காலை அதைக் கழற்றிக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

"இத்தவிட ரெண்டு இன்ச் நீளமா வேணும்ணே."

கடைக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வண்டி இன்னா மாடலு?"

சொன்னேன். ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"இது நீளமாண்ணே?"

"ஹெவி டியூட்டிபா."

"கனம் கேக்கலண்ணே, நீளம்."

"வந்ததுலேர்ந்து நீளம் நீளம்னுக்கினு இருக்கியே, புடவையாப்பா இது, மொழம் போட்டு வாங்க?"

புடவையைக்கூட இந்த ஊரில் விரித்துக் காட்டித்தான் விற்கிறார்கள். எரிச்சலில் நானே பெட்டியைப் பிரித்தேன். புதியதையும் பழையதையும் முழுதாக இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். நூலளவு வித்தியாசம்கூட இல்லை.

"நீங்களே பாருங்கண்ணே!"

பார்த்தார். முதன்முறையாக முகம் மலர்ந்தது.

"அதான் கரெக்டா மேட்ச் ஆவுதே! அப்புறம் இன்னாத்துக்குப்பா சண்ட போட்டுக்கினு இருக்க?"

ஜீப் வீட்டு வாசலில் ஜாக்கி மேல் நிற்கிறது. நீளம் கேட்டால் நீளத்தைச் சொல்லும் கடை காஞ்சிபுரத்தில் எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.

'ஹெவி டியூட்டி போடுங்க ப்ரோ' என்று எழுதுகிறவர்களை பிளாக் செய்வேன்.