குஞ்சம்மா கொளுத்திய சீனவெடி

உமிச்சாம்பலைக் கையில் அள்ளினால் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்துத்தான் உள்ளே கிடக்கிற சூடு உள்ளங்கையில் ஏறும். அக்கராயன் பக்கம் எங்கள் ஊர் அரிசி ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடந்த அந்தச் சாம்பலைச் சாக்கில் அள்ளி, சைக்கிள் கரியரில் கட்டி, பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப் பாதைக்குக் கோடு போடுவதுதான் விளையாட்டுப் போட்டிக் காலத்தில் எங்களுடைய வேலை. சுண்ணாம்பு வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வசதி இருக்கவில்லை. இன்றைக்கும் எங்காவது உமி எரிகிற மணம் வந்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பேன். ஓடப்போகிறேன் என்ற பயமும் யாரோ வரப்போகிறார்கள் என்ற பயமும் ஒன்றாக வரும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுதத் தெரிந்த மாதிரித்தான் எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் இந்தக் கதை என்னோடே போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

குஞ்சம்மா என் அம்மாவின் கடைசித் தங்கச்சி. அம்மாவும் அப்பாவும் கடைசிச் சண்டையில் ஒரே பங்கர்க் குழிக்குள் செத்துப்போனார்கள். நான் அகதி முகாமில் ஒரு தூரத்துச் சொந்தத்தோடு இருந்தேன். இயக்கத்தில் போராளியாக இருந்த குஞ்சம்மா ஆமியின் புனர்வாழ்வுத் தடுப்பு முடிந்து வந்து, என்னைத் தேடிப் பிடித்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனா. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு தகரக் கொட்டில், இரண்டு பாய், ஒரு சைக்கிள், அதோடு மாதத்துக்கு ஒருமுறை அவா போய்க் கையெழுத்து வைக்க வேண்டிய ஒரு ஆமி முகாம். இவ்வளவுதான் எங்களுடைய குடும்பம்.

இயக்கத்துக்குப் போக முதல் அவா பெரிய ஓட்டக்காரியாம். வெறுங்காலோடு ஓடி மாகாணப் போட்டி வரைக்கும் போனவாவாம். நான் கண்ட குஞ்சம்மாவுக்கு இடது கெண்டைக்காலில் பாதிச் சதை இல்லை. முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஒரு செல் பீஸ், எறிகணை சிதறிய இரும்புத் துண்டு, கிடந்தது. அதைத் தொட்டால் கால் போய்விடும், அப்படியே கிடக்கட்டும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். அப்படி இருந்தும் விடியக் காலமை குளக்கட்டில் நீளப் பாவாடையோடு ஓடுவா. தண்ணி அள்ள வருகிற மனுசிமார் குடத்தை வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

"என்ன பிள்ளை, இன்னும் ஆரும் துரத்துறாங்களோ?" என்று ஒரு மனுசி கேட்டா.

"இல்லை அக்கா, இப்ப நான்தான் துரத்துறன்," என்று சொல்லிக்கொண்டே குஞ்சம்மா போனா.

எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு ஆசிரியர் இல்லாதபடியால், பெரிய சேர் என்று நாங்கள் சொல்கிற அதிபர் அவாவைத் தொண்டராக வரச் சொன்னார். சம்பளம் கிடையாது, வரவுப் புத்தகத்தில் பெயரும் கிடையாது. அவாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. வீட்டில் "குஞ்சம்மா", பள்ளிக்கூடத்தில் "ரீச்சர்" என்று எனக்குக் கட்டளை. ஒரு நாள் மறந்துபோய் மைதானத்தில் "குஞ்சம்மா, தண்ணி" என்று கத்தியதற்கு இரண்டு சுற்று ஓட வைத்தா. வீட்டுக்கு வந்து என் காலுக்கு எண்ணெய் பூசி விட்டதும் அவாதான்.

மைதானத்தின் மேற்குப் பக்கத்தில் மிதிவெடி இருக்கிறது என்று மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை அப்போதும் நின்றது. பந்து அங்கே போனால் போனதுதான். மற்ற மூன்று பக்கமும் எங்களுடையது. பதினொரு பிள்ளைகள். ஓட்டம் தொடங்க இரண்டு பலகைத் துண்டை ஒன்றோடு ஒன்று அடிப்பா. அதுக்கு நன்றாகத்தான் ஓடினோம். ஆனால் கிளிநொச்சியில் நடக்கப்போகிற வலயப் போட்டியில் பலகை இல்லை, துவக்கு மாதிரி ஒன்றால் சுட்டுத்தான் தொடங்குவார்கள் என்று குஞ்சம்மாவுக்குத் தெரியும். நானூறு மீற்றரில் நான் வெல்லுவேன் என்று அவா நம்பினா. பள்ளிக்கூடத்தில் நம்பினதும் அவா ஒருத்திதான்.

ஒரு பின்னேரம் கடையில் தருகிற ஒரு சொப்பின் பையில் காற்றை ஊதி, நாங்கள் கோட்டில் குனிந்து நின்ற நேரம் அதை அடித்து உடைத்தா.

பதினொரு பேரும் படுத்துவிட்டோம். யாரும் யாரையும் பார்த்துப் படுக்கவில்லை. நெஞ்சு நிலத்தில், இரண்டு கையும் காதில், வாய் திறந்தபடி. செவிப்பறை உடையாமல் இருக்க வாயைத் திறக்கச் சொல்லி எங்களுக்கு நடக்கிற வயதிலேயே பழக்கியிருந்தார்கள். என் மூக்குக்குள் சாம்பல் போனது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கோபு என்ற பெடியன் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"ரீச்சர், எங்க விழுந்தது?"

குஞ்சம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டா. பிறகு, "ஒண்டும் விழேல்லையடா. நீங்கள்தான் விழுந்து கிடக்கிறியள். எழும்புங்கோ எல்லாரும். இனிச் சத்தம் கேட்டாப் படுக்கிறேல்லை, ஓடுறது. விளங்குதோ?" என்றா.

"படுத்துப் பழகிப்போச்சு ரீச்சர்," என்றான் கோபு. "படுத்துக்கொண்டு ஓடுற போட்டி இருந்தாச் சொல்லுங்கோ, கப் எனக்குத்தான்."

இரண்டு கிழமையில் பைச் சத்தத்துக்கு நாங்கள் ஓடப் பழகிவிட்டோம். ஆனால் பை வெடி ஆகாது. குஞ்சம்மா என்னையும் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்கு சைக்கிளில் போய் ஒரு பெட்டி சீனவெடி வாங்கினா. கடைக்காரர் பெட்டியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆரின்ர செத்தவீடு பிள்ளை?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அப்போது வெடி வாங்குகிறவர்கள் செத்தவீட்டுக்குத்தான் வாங்குவார்கள். குஞ்சம்மா காசை எண்ணி வைத்துவிட்டு வெளியே வந்தா. வருகிற வழி முழுக்க அந்தப் பெட்டி என் மடியில் இருந்தது. அதை இறுக்கிப் பிடிக்கவும் பயமாக இருந்தது, விடவும் பயமாக இருந்தது.

பால்மாத் தகரப் பேணி ஒன்றுக்குள் ஒரு வெடியைப் போட்டு, தானே குந்தியிருந்து கொளுத்துவா. கொளுத்திவிட்டு வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவா. "நான் ஒருக்காக் கொளுத்தட்டே ரீச்சர்?" என்று கோபு கேட்டதற்கு, "தொட்டாயெண்டாக் கையை முறிச்சுப்போடுவன்," என்று அப்படி ஒரு கோபத்தோடு சொன்னா. எங்கள் கை எரிந்துவிடும் என்று பயப்படுகிறா என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவாவுக்குப் பயமே கிடையாது என்றும் நினைத்தோம். எண்ணி முடிய வெடிக்கும். அவா அசையமாட்டா. மூன்றாம் நாள் நாங்கள் பதினொரு பேரும் அந்தச் சத்தத்துக்கு ஓடினோம். திரும்பிப் பார்த்தேன். குஞ்சம்மா பேணியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு துள்ளினா, அந்தக் காலோடு.

அடுத்த நாள் பறவைச் சத்தம்கூட இல்லாத ஒரு காலமை. பள்ளிக்கூட வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது, நம்பர் தகடு இல்லை. புலனாய்வுக்காரர் இரண்டு பேர் சிவில் உடுப்பில் பெரிய சேரின் அறைக்குள் இருந்தார்கள். ஊருக்குள் வெடிச் சத்தம் கேட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். குஞ்சம்மா ஒளிக்காமல் எல்லாம் சொல்லி, பேணியையும் மிச்ச வெடியையும் காட்டியிருக்கிறா. அந்த அளவில் முடிந்திருக்க வேண்டிய விசயம் அது. சும்மா கேட்டுப் பார்க்கிறோம் என்று பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எல்லாரும் "சீனவெடி" என்று சொன்னார்கள். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த ஆள் சிரித்த முகத்தோடு ஒரு ரொபி மிட்டாயைக் கையில் தந்து, கொன்னைத் தமிழில் கேட்டார்.

"தங்கச்சி, என்ன வெடிச்சது?"

யார் வந்து எதைக் கேட்டாலும் காணவில்லை, கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். அம்மா எனக்குச் சொல்லித் தந்ததில் இப்போது எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"ஒண்டும் வெடிக்கேல்லை, ஐயா."

அவர் கொப்பியில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தார். திருப்பிக் கேட்டார். நான் திருப்பியும் அதையே சொன்னேன், குஞ்சம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையோடு. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மற்ற ஆளிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு பெரிய சேரிடம், "எல்லாப் பிள்ளையும் வெடி எண்டு சொல்லுது. அவ வீட்டில இருக்கிற பிள்ளை மட்டும் ஒளிக்குது. ஏன்?" என்று கேட்டார். பெரிய சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொபி என் கைக்குள் இளகிப்போய் இருந்தது.

அன்று பின்னேரம் எங்கள் கொட்டிலைக் கிளறி, ஏதும் புதைத்திருக்கிறதா என்று கக்கூசுக்குப் பக்கத்தில் கம்பியால் குத்திப் பார்த்து, குஞ்சம்மாவை விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள்தான் விட்டார்கள். ஒரு கிழமைக்கு அவாவால் சுவரில் முதுகு சாய்த்து இருக்க முடியவில்லை. நான் அழுதுகொண்டு காலடியில் இருந்தேன்.

"ஏனடி அப்பிடிச் சொன்னனீ?"

"உங்களைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு..."

"அதுதான் பிடிச்சுக்கொண்டு போய்க் காட்டிப்போட்டாங்களே," என்று சொல்லிவிட்டு என் தலையைத் தடவினா. அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பெரிய சேர் எங்கள் வேலிப் படலையடிக்கு வந்து, உள்ளே வராமல் நின்று, "ரீச்சர், குறை நினைக்காதேங்கோ, கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடப் பக்கம் வராதேங்கோ," என்றார். "பிள்ளையளைப் போட்டிக்கு விடுவியளோ சேர்?" என்று மட்டும் குஞ்சம்மா கேட்டா. "ஓம்" என்று தலையாட்டினார்.

போட்டி நாளில் எங்களை வேறொரு ரீச்சர் கூட்டிக்கொண்டு போனா. குஞ்சம்மா தனியாக பஸ்ஸில் வந்து, மைதானத்துக்கு வெளியே, வேலிக்குப் பக்கத்தில், ஐஸ்பழக்காரரோடு நின்றா. மஞ்சள் சட்டை போட்டிருந்தா. நான் மூன்றாம் பாதையில் குனிந்து நின்றேன். கோடு வெள்ளைச் சுண்ணாம்பில் இருந்தது. படுத்துவிடாதே, படுத்துவிடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வெடித்தது. கால் தானாக ஓடியது. முதல் வளைவில் எனக்கு முன்னால் யாருமில்லை. இதைக் குஞ்சம்மா பார்க்க வேண்டும் என்று வேலிப் பக்கம் திரும்பினேன். ஐஸ்பழக்காரர் நின்றார், சனம் நின்றது, அவாவைக் காணவில்லை. பிறகு கீழே மஞ்சளைக் கண்டேன். புழுதியில் குப்புறக் கிடந்தா. இரண்டு கையும் காதில். வாய் திறந்தபடி. யாரோ குனிந்து, "என்ன அக்கா, தடக்கிப்போட்டுதோ?" என்று சிரிப்பது தெரிந்தது.

எங்களுக்கு வெடி கொளுத்தின நேரம் எல்லாம் வெடிக்கிற நொடிக்கு அவா ஏன் எண்ணிக் காத்திருந்தா, ஏன் வேறு யாரையும் கொளுத்த விடவில்லை என்று எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. நான் நின்றுவிட்டேன்.

அவா தலையைத் தூக்கினா. என்னைக் கண்டா. "ஓடடி! நிக்காதை! ஓடு!" என்று கத்தினா. நான் அவாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருத்தியாக என்னைக் கடந்து போனார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் குஞ்சம்மா சட்டையில் இருந்த புழுதியைத் தட்டிக்கொண்டு, "வெயிலுக்குத் தலை சுத்திப்போட்டுது," என்றா. நான் "ஓம்" என்றேன். இறங்குகிற நேரம்தான், "நிண்டிட்டியே சுகி," என்றா. அவ்வளவுதான்.

அடுத்த வருடம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், பிறகு தையல் ஆலைக்குப் போனேன். அவா எவ்வளவோ சொல்லியும் நான் கேட்கவில்லை. அந்த மைதானத்தில் எனக்கு நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடம் அவாவைத் திருப்பிக் கூப்பிடவே இல்லை. ஆனால் நெல் வெட்டு முடிந்த வயலில் அவா சாம்பலால் கோடு போட்டா. பின்னேரங்களில் பிள்ளைகள் வந்தார்கள், போன மாரி வரைக்கும் வந்தார்கள். ஓட்டம் தொடங்கப் பலகைதான். வெடி பிறகு ஒருநாளும் வாங்கவில்லை.

இந்த வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் கால் இரண்டும் போனது, ஐந்தாம் நாள் குஞ்சம்மா போனா. முதுகில் கிடந்த அந்தச் செல் பீஸ்தான் காரணம் என்று சொன்னார்கள்.

செத்தவீட்டுக்குக் கோபு உழவு ரக்ரரில் வந்தான். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். பெட்டி பெட்டியாக வெடி கொண்டு வந்திருந்தான்.

"வெடி வேண்டாம் கோபு."

"என்ன கதை கதைக்கிறாய்? வெடி இல்லாமலோ? அவ வெடிக்குப் பயப்பிட்ட ஆளோ? எங்களைப் படுக்காமல் பழக்கினதே அவதானே!"

"வேண்டாமெண்டா விடு."

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டிகளைத் திருப்பி ரக்ரரில் ஏற்றினான். காரணம் நான் சொல்லவில்லை. இதை வாசித்தால் அவனுக்கு இப்போது தெரியும்.

பெண்கள் சுடலைக்குப் போகாமல் படலையோடு நின்றுவிடுவது எங்கள் வழக்கம். பறை மட்டும் தூரத்தில் கேட்டது. ஊர்வலம் பள்ளிக்கூடத்தைக் கடக்கிற நேரத்தைச் சத்தத்தை வைத்துக் கணித்தேன். அங்கே இப்போது மதில் இருக்கிறது, சிவப்புப் பலகை இல்லை, கோடு போட மெசின் இருக்கிறதாம். அரிசி ஆலை பூட்டிக் கிடக்கிறது. பதினொரு பேரில் நான்கு பேர்தான் ஊரில். நெருப்பில் கறுத்த அந்தப் பால்மாப் பேணி மட்டும் எங்கள் வீட்டுக் குசினியில் கவிழ்த்தபடி இருக்கிறது.

அப்போதுதான் படலைக்கு முன்னால் ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதே ஆட்களா வேறு ஆட்களா தெரியாது. ஒருவர் கொப்பியைத் திறந்து, செத்தவாவின் பெயர், யார் யார் வந்தார்கள், எங்கே கொண்டு போகிறார்கள் என்றெல்லாம் கேட்டார். சொன்னேன். வேலை என்ன என்று கேட்டார். "ரீச்சர்," என்றேன். அவர் ஒழுங்கைப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார்.

"செத்தவீடு எண்டா வெடி போடுறதுதானே, தங்கச்சி? சத்தம் ஒண்டும் இல்லையே?"

நான் படலையைப் பிடித்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தேன்.

"இல்லை, ஐயா. ஒண்டும் வெடிக்கேல்லை."

அவர் அதை எழுதிக்கொண்டு போனார்.