இரண்டு தடவை தட்டவும்

கால்வாயை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் லிஃப்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று கட்டடம், மூன்று லிஃப்ட், மூன்றும் கிழடு. எது எப்போது மக்கர் பண்ணப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மகள் விஷயத்தில் மட்டும் அந்தக் காது வேலை செய்ததில்லை.

மனைவி இறந்துபோனபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது. அதன்பிறகு தரைத்தளத்து வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். அவர் சமைத்தால் உப்பு தூக்கலாக இருக்கும், அவள் சமைத்தால் அடிப்பிடிக்கும். ஒருவர் குறையை ஒருவர் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அவளுக்குப் பதினாறு நடக்கும்போது ஒரு மழையில் கால்வாய் பொங்கி, தரைத்தள வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்து வடிந்தது. யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் சங்கச் செயலாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அடுத்த தடவைக்கு ஒரு திட்டம் வேண்டும் என்று கூட்டம் போட்டார். நீள மேசையைச் சுற்றி எட்டு ஆண்கள். யார் படகுக்குச் சொல்வது, யார் படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்குவது என்று பொறுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து மகள் எழுந்தாள்.

"தண்ணி வந்தது செவ்வாய்க்கிழமை காலைல பதினோரு மணிக்கு சார். செயலாளர் சாரைத் தவிர நீங்க யாருமே அப்ப இங்க இல்ல, வேலைக்குப் போயிருந்தீங்க. மழைன்னா முதல்ல லீவு விடுறது எங்களுக்குத்தான். அந்த நேரத்துல வீட்டுல இருக்கறது வயசானவங்களும் நாங்களும்தான். எங்க பேரையும் எழுதிக்கங்க."

செயலாளர் சிரித்தார். "இது பசங்க விளையாட்டு இல்லம்மா."

எல்லார் பார்வையும் லிஃப்டுக்காரர் மேல் திரும்பியது. அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து போய் மகளின் கையைப் பிடித்தார். "வாம்மா. பெரியவங்க பேசிட்டிருக்காங்க." இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவள் திமிறவில்லை. திமிறியிருந்தால்கூடத் தேவலை என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டார்.

பெரியவர்களின் திட்டம் அறிவிப்புப் பலகையில் ஏறி, வெயிலில் வெளுத்தது. மகள் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு நீளக் கணக்கு நோட்டோடு வீடுவீடாக ஏறி இறங்கினாள். எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், யாருக்கு ஃபிரிட்ஜில் வைக்கிற ஊசிமருந்து, யார் இரவு வேலை முடிந்து பகலில் அடித்துப் போட்டாற்போல் தூங்குவார், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை. குண்டு என்று எல்லோரும் கூப்பிடும் பையனை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு மாடி தூக்கி இறக்குவார்கள். "இவனைத் தூக்கிட்டா ஊரையே தூக்கிடலாம்" என்பாள் மகள். பால்கனிகளில் நின்று ஜனம் வேடிக்கை பார்க்கும்.

லிஃப்டுக்காரர் மொட்டைமாடி இயந்திர அறையின் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். இறங்கிப்போய் ஒரு கை கொடுக்கலாம். ஆனால் கூட்டத்தில் கையைப் பிடித்து இழுத்தவன் எந்த முகத்தோடு போவது? ஒருநாள் அவளே வந்து, "தண்ணி வந்தா லிஃப்டை என்னப்பா பண்ணணும்?" என்று கேட்டாள். "அது உனக்கெதுக்கு" என்று அவர் வாயில் வந்துவிட்டது. அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பதினெட்டு முடிந்ததும் அவளுக்கு மீட்புப் பணிப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. பஸ்ஸில் ஒரு ராத்திரி, ஒரு பகல் தூரம். போன வருடம் முழுக்க அவளிடமிருந்து ஞாயிறுதோறும் போன் வந்தது. "சாப்டியாப்பா?" "சாப்டேன்மா. நீ?" அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. வைத்தபிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் அவருக்கு வரிசையாக நினைவுக்கு வரும். சில நாள் அவள் வகுப்பில் இருப்பாள் என்று தெரிந்தே கூப்பிடுவார். எடுக்கமாட்டாள். தவறிய அழைப்பைப் பார்த்துத் திரும்பக் கூப்பிடுவாள் இல்லையா, அதற்காக. "என்னப்பா, கூப்பிட்டியா?" என்பாள். "கை தவறிப் பட்டிருக்கும்" என்பார். அவள் துண்டிக்கிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்கமாட்டார்.

இந்த வருடம் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. பள்ளிகளுக்கு விடுமுறை. லிஃப்டுக்காரருக்குக் காய்ச்சல் கொதித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் சுருண்டவருக்குக் காலையில் கால்வாய்க்கு மேலே இருக்கிற ஏரியைத் திறந்துவிட்டதும் தெரியாது, கதவுக்கு அடியில் தண்ணீர் வழிந்து செருப்புகள் மிதந்ததும் தெரியாது.

கதவு தட்டுகிற சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

"மாமா, தண்ணி வருது. வெளிய வாங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார், கண்ணைத் திறக்காமலே. "நீங்க போங்க."

மறுபடியும் தட்டினார்கள். அவர் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பூட்டில் சாவி திரும்பியது. முழங்காலுக்குமேல் தண்ணீரோடு உள்ளே வந்தது மூன்றாம் கட்டடத்துப் பெண், பத்தாவது படிப்பவள், கனத்த கண்ணாடி போட்டவள். அவளுக்குப் பின்னால் குண்டுவும் இன்னும் இரண்டு பேரும், ஒரு நாற்காலியோடு.

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னேனே" என்றார்.

"சொல்வீங்கன்னு தெரியும் மாமா" என்றாள் கண்ணாடிக்காரி. "கையைத் தோள்ல போடுங்க."

நாற்காலியில் கட்டித் தூக்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவருக்குத் திடீரென்று நினைவு வந்தது. "லிஃப்ட்... குழியில தண்ணி இறங்கும். யாராவது உள்ள மாட்டிக்கப் போறாங்க."

"மூணையும் மேல நிறுத்தி, உள்ள ஆள் இல்லைன்னு பாத்துட்டு, மெயினை ஆஃப் பண்ணிட்டோம். வாட்ச்மேன்கிட்ட சாவி வாங்கி."

"யார் சொல்லிக்கொடுத்தா?"

"அக்கா நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. படம்கூட போட்டிருக்காங்க."

அவர் ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை. சின்ன வயதில் டிபன் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இயந்திர அறை வாசலில் பேசாமல் நின்றுகொண்டிருப்பாள். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நான்காம் மாடிக் கூடத்தில் அறுபதுக்குமேல் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். ஊசிமருந்துகள் ஐஸ் பெட்டியில் இருந்தன, கடிக்கிற நாயை மாடிப்படிக் கம்பியில் கட்டியிருந்தார்கள். செயலாளர் கம்பளி போர்த்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஆளெண்ணியபோது தன் முறைக்குக் கையைத் தூக்கினார்.

"நோட்டுல என் பக்கத்தைக் காட்டேன்" என்றார் லிஃப்டுக்காரர். கண்ணாடிக்காரி தயங்கினாள். பிறகு பிரித்துக் கையில் கொடுத்தாள். மகளின் சாய்ந்த எழுத்து. தேதி, அவள் ஊருக்குப் புறப்படுவதற்கு நான்கு நாள் முந்தியது.

'தரைத்தளம், முதல் வீடு. எங்க அப்பா. தனியா இருப்பார். கூப்பிட்டா எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்வார், நம்பாதீங்க. ரெண்டு தடவை தட்டுங்க. வரலைன்னா எதிர்வீட்டு அத்தைகிட்ட சாவி இருக்கு. காய்ச்சல்ல தூங்கினா எங்க அம்மாவைக் கூப்பிடுவார், பயப்படாதீங்க. திட்டமாட்டார். அவருக்கு நல்லதா ஒரு வார்த்தை சொல்ல வராது, அவ்வளவுதான்.'

அவர் கடைசி வரியில் விரலை வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நடக்க முடியாதவர்கள், மருந்தில் ஓடுகிறவர்கள் இருக்கிற அந்த நோட்டில் தன்னையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவ்வளவு தெரிந்தவள், எப்படித்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்?

மறுநாள் மத்தியானம் போன் வேலை செய்தது. அவர் கூப்பிடுவதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"தட்டினப்ப என்னப்பா சொன்னே?"

"ஒண்ணும் இல்லைன்னேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் காத்திருந்தார். பிறகு, "அன்னிக்குக் கூட்டத்துல உன் கையைப் பிடிச்சு இழுத்திருக்கக் கூடாதும்மா" என்றார்.



"எந்தக் கூட்டம்ப்பா? எனக்கு ஞாபகமே இல்ல."

பொய் சொல்லும்போது அவள் குரல் ஒரு சுருதி ஏறும். அது அவருக்குத் தெரியும். "ஞாபகம் இல்லைன்னா போகுது" என்றார். வந்துடும்மா என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, "அந்த ஊர்ல மழை எப்படி?" என்று கேட்டார். அன்றைக்கு இருபது நிமிடம் பேசினார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் மேசையைச் சுற்றிப் பிள்ளைகளுக்கும் நாற்காலி போட்டார்கள். செயலாளர்தான் எழுந்து அதைச் சொன்னார், சுருக்கமாக. பசங்க விளையாட்டு என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, யாரும் நினைவுபடுத்தவில்லை.

கோடை விடுமுறைக்கு மகள் நான்கு நாள் வந்தாள். தோள் அகன்றிருந்தது, முகம் கறுத்திருந்தது. அதில் பாதி நேரம் பிள்ளைகளோடு கயிறு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு தூக்கல் என்று முதல்முறையாகச் சொன்னாள். அவருக்கு அது அப்படியொரு சந்தோஷமாக இருந்தது. படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை என்பதையும் அப்போதுதான் சொன்னாள். "நீ வந்து என்கூட இருப்பா" என்றாள். "பாக்கலாம்மா" என்றார். பார்க்கப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அவளை பஸ் ஏற்றிவிட்டு அவர் திரும்பியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. முதல் கட்டட வாசற்படியில் பிள்ளைகள் உட்கார்ந்து எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா போயாச்சா மாமா?"

"போயாச்சு."

வீட்டுச் சாவி கையில்தான் இருந்தது. உடனே உள்ளே போக மனசு வரவில்லை. குண்டு ஒன்றும் கேட்காமல் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டான். அவர் உட்கார்ந்துகொண்டார்.