எடைமேடைக்காரரும் பாதி மாத்திரையும்

முப்பத்து நான்கு வருடம் அவர் வேலை பார்த்தது ஒரு சரக்குக் கிடங்கின் வாசலில், லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில். வண்டி காலியாக ஒருமுறை ஏறும், சரக்கோடு ஒருமுறை ஏறும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து மிச்சத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். டிரைவர் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறானா, டீ குடிக்க இறங்கிவிட்டானா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். பத்துக் கிலோ வித்தியாசத்தைக்கூட விடமாட்டார் என்ற எரிச்சலில் டிரைவர்கள் அவருக்குப் 'பத்துக்கிலோ' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரியை அவர் வெளியே விட்டதே இல்லை. கூடுதல் மூட்டைகளை இறக்கச் சொல்வார். இறக்கியது தரையில் கிடக்கவும் கூடாது. அப்போதே இன்னொரு வண்டியில் ஏற்றி அதற்கும் சீட்டுப் போட்டால்தான் அவருக்கு மூச்சு சீராகும். தரையில் கிடக்கிற மூட்டைக்கு அப்பன் பெயர் கிடையாது என்பார்.

ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம் கழித்து இந்தப் புத்தி நேராகப் போய் அவர் மனைவியின் மருந்துப் பெட்டியில் நின்றது.

மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். வாய் கொஞ்சம் கூர்மை. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், காலையில் இரண்டு மணி நேரம் வந்து குளிப்பாட்டி, உடை மாற்றி, நடக்கப் பழக்க ஓர் உதவிப் பெண்ணை வீட்டுப் பராமரிப்பு அலுவலகம் அனுப்பியது. மாத்திரைகள் மருந்துக்கடையிலிருந்து வாராவாரம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வந்தன. ஏழு நாள், நாளுக்கு நான்கு அறை. காலை அறையை உதவிப் பெண் திறப்பாள். மற்ற மூன்றும் அவர் பொறுப்பு. மறுநாள் அவள் வந்ததும் பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, அறைகள் காலியாக இருந்தால் தாளில் ஒரு டிக் போடுவாள்.

இடுப்பு தேறிவிட்டது. ஆள்தான் தேறவில்லை. பகலெல்லாம் நாற்காலியில் கண் செருகிக் கிடந்தார். ஆரம்பித்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, மீதி அங்கே ஒட்டியிருப்பதுபோல் சுவரைப் பார்ப்பார். மகளுக்கு வேறொரு நாட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, நான் யாரென்று சொல்லு என்று அம்மாவைக் கேட்பாள். பதில் வருவதற்கு முன்பே அழுதுவிடுவாள். வயசு என்றார்கள், விழுந்த அதிர்ச்சி என்றார்கள், மறதி நோயின் ஆரம்பம் என்றார்கள். ஒவ்வொன்றும் பொருத்தமாகவே இருந்தது. அதனாலேயே கணவரால் எதையும் நம்ப முடியவில்லை.

அவர் மண்டைக்குள் வேறொன்று ஓடியது. மனைவிக்கு நாற்பத்தொரு கிலோ எடை. நாளுக்குப் பதின்மூன்று மாத்திரை. ஓவர்லோடு.

உதவிப் பெண்ணிடம் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார், கடைசி வேளை அறையில் ஒன்றிரண்டை விட்டுவிட்டால் என்ன என்று. அவள் நல்ல பெண், ஆனால் பயந்தவள். மாத்திரை விஷயத்தில் வாய் திறக்கத் தனக்கு அனுமதி இல்லை என்றாள். கொடுக்காமல் விட்டால் 'மறுத்தார்' என்று எழுத வேண்டும், மூன்று தடவை எழுதினால் மேற்பார்வை நர்ஸ் வந்துவிடுவார் என்றாள். டாக்டரைக் கேட்டார், அது ஆஸ்பத்திரியில் எழுதியது என்றார். ஆஸ்பத்திரியில் கேட்டார், எழுதிய டாக்டர் வேறு ஊருக்கு மாறியிருந்தார். மருந்துக்கடையிலோ, லிஸ்டில் இருப்பதைத்தான் பெட்டியில் போடுகிறோம் என்றார்கள்.

"அப்ப யாருதாம்மா இதைப் பாக்கறாங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும்தான் பாக்கறோம் ஐயா," என்றாள் உதவிப் பெண்.

மறுநாளிலிருந்து பாரத்தை இறக்க ஆரம்பித்தார். கடைசி அறையில் தூக்கத்துக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று. இரண்டையும் நகவெட்டியால் பாதியாக வெட்டி, ஒரு பாதியை மனைவிக்குக் கொடுத்தார். மறுபாதிகள் உள்ளங்கையில் இருந்தன. சாக்கடையில் போடலாம்தான். கை போகவில்லை. ஒருத்தர் எழுதி, ஒருத்தர் நிரப்பி, ஒருத்தர் டிக் போடப்போகிற சரக்கு. அதைக் கீழே கொட்டிவிட்டுக் காலி அறையைக் காட்டினால் அது பொய்ச்சீட்டு. தனக்கோ அறுபத்தெட்டு கிலோ எடை, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஒரு மாத்திரைகூடக் கிடையாது. காலி லாரி. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலை டிக் விழுந்தது.

மூன்று வாரம் இப்படிப் போனது. பிறகு மனைவிக்குக் கால் பங்கு, தனக்கு முக்கால். ஒருநாள் டீயை ஆற்றிக் கொடுத்தபோது, "இது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று மனைவி கேட்டார். பதினோரு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் திட்டு. ஓடிப்போய் வேறு டீ போட்டார். அடுத்த வாரம் திரைச்சீலை அழுக்கு, உதவிப் பெண்ணின் கையெழுத்து கோழிக்கிறுக்கல், மகளுக்கு முன்நெற்றி ஏறுகிறது என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரை நடந்தார். மகள் இந்தத் தடவை சந்தோஷத்தில் அழுதாள்.

இரண்டாம் மாதம் முடிவதற்குள் முழு மாத்திரையும் அவர் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் பொருள்கள் சரியில்லாமல் போக ஆரம்பித்தன. அவருக்கு அப்படித்தான் தோன்றியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். சாவி பூட்டில் நுழையவில்லை. அரைமணி நேரம் போராடிய பிறகு மேல்மாடிக்காரர் உள்ளேயிருந்து கதவைத் திறந்தார். பேப்பர்க்காரன் பழைய பேப்பரைப் போடுகிறான் என்று சண்டை பிடித்தார். முந்தாநாள் பேப்பரைக் கையில் வைத்திருந்தது அவர்தான். சிறுநீர் கழிக்கப் போய் நின்றால், எதற்கு நின்றோம் என்று மறந்து திரும்பிவிடுவார். கால்கள் பஞ்சில் நடந்தன. விழுங்கிய மாத்திரைக்கும் இதற்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றவே இல்லை. முடிச்சுப் போடுகிற இடம்தானே முதலில் மங்கியது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் மேல் கழுவ மனைவியைக் குளியலறையில் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, சோப்பு தீர்ந்துவிட்டதென்று கடைக்குக் கிளம்பினார். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். பஸ்கள் வந்தன, போயின. எந்த பஸ்ஸிலும் ஏற வேண்டும் என்று தோன்றவில்லை, எழுந்து போகவும் காரணம் அகப்படவில்லை. கையில் சோப்பு இருந்தது. ஆக, கடைக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் கழித்து மேல்மாடிக்காரர் பார்த்துக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார். குளியலறையில் மனைவி ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு, கத்திக் கத்திக் குரல் போய் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வந்து கேட்டதும் இதை எழுதாமல் விட உதவிப் பெண்ணால் முடியவில்லை. அழுதுகொண்டே எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை மேற்பார்வை நர்ஸ் வந்தார்.

நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காத ஆள். மனைவியின் மருந்து லிஸ்டை உரக்கப் படித்து, தூக்கம் எப்படி, அரிப்பு எப்படி என்று விசாரித்தார். பிறகு அவர் பக்கம் திரும்பினார். இன்றைக்கு என்ன கிழமை? அவர் காலண்டரைப் பார்க்கப் போனார். பார்க்காமல் சொல்லச் சொன்னார். அவர் மறுபடியும் காலண்டர் பக்கமே திரும்பினார்.

"பரவால்ல. நூறுல ஏழு போனா எவ்வளவு? அப்படியே ஏழு ஏழா கழிச்சுகிட்டே வாங்க ஐயா."

கழித்தல். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தொண்ணூத்தி மூணு," என்றார். அதற்குமேல் தொண்ணூற்று மூன்று அப்படியே நின்றது. அது வண்டியோடு சேர்த்தா, வண்டி போகவா என்று புரியவில்லை. நர்ஸையே கேட்டார். "வண்டி காலியா ஏறினப்ப எவ்வளவும்மா இருந்துச்சு?"

நர்ஸ் தாளில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அம்மாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதுதான் நல்லது என்றார். திங்கட்கிழமை இடம் இருக்கிறதாம். ஐயாவுக்கும் மறதிக்கான பரிசோதனைகள் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு அவரை எங்கே வைப்பது என்று பார்க்கலாம். நாற்பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களை இரண்டு இடத்தில் வைக்கப் போகிறார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. மறுக்கக் காரணம் தேடினார். சோப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. தலையாட்டிவிட்டார்.

"அவருக்கு மறதி எல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார் மனைவி. குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. "என் மாத்திரையை அவர் முழுங்கறார்."

உதவிப் பெண் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். நர்ஸ் அவரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நிஜமா ஐயா?"

"லோடு அதிகம்மா," என்றார் அவர். "இறக்கினதைக் கீழ போட முடியுமா?"

நர்ஸ் பேனாவை மூடி வைத்தார். எவ்வளவு, எத்தனை நாளாக என்று துருவித் துருவிக் கேட்டார். பாதி, முக்கால், முழுசு என்று வந்த வரிசை மட்டும் எப்படியோ அவர் நினைவில் பிசகாமல் இருந்தது. கேட்டு முடித்த நர்ஸுக்கு ஒரு கணம் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டார். "டாக்டருங்களும் இப்படித்தான் ஐயா கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க. ஆனா குறைச்சதை அவங்க சாப்பிட மாட்டாங்க."

அடுத்த முக்கால் மணி நேரம் போனிலேயே போனது. நாலு இடத்தில் காத்திருந்து, அதட்டி, கெஞ்சிக் கடைசியில் விஷயம் வெளியே வந்தது. தூக்க மாத்திரை ஆஸ்பத்திரியில் பத்து நாளைக்கு மட்டும் எழுதியது. அரிப்பு மாத்திரை, பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாமல் வந்த தடிப்புக்கு. தடிப்பு போய் ஒரு வருடம் ஆகிறது. இரண்டும் சேர்ந்தால் வயதானவர்களுக்குப் புத்தி மழுங்கும், கால் தள்ளாடும், விழ வைக்கும் என்று நர்ஸ் சொன்னார். நிறுத்து என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் பெட்டி நிரம்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவருக்குக் குழப்பம் இப்போதுதான் கூடியது. ஆகாத மருந்து என்றால் இத்தனை மாதம் இத்தனை பேர் கையெழுத்துப் போட்டது எதற்கு? அதை இறக்கியது சரிதான் என்றால், நர்ஸ் ஏன் தன்னைக் கோபமாகப் பார்க்கிறார்? இரண்டையும் கேட்டார். முதல் கேள்விக்கு நர்ஸ் டிக் போட்ட தாள்களைப் புரட்டினார். இரண்டாவதற்கு, அம்மா ரெண்டரை மணி நேரம் ஈரத்துல உட்கார்ந்திருந்தாங்க ஐயா என்றார்.

அவர் மனைவியிடம் திரும்பினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"பத்து நாளா."

"சொல்லலையே."

மனைவி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். "எனக்கு அப்பதாங்க எல்லாம் தெளிவா தெரிய ஆரம்பிச்சுது. சொன்னா மறுபடி எனக்கே குடுத்துடுவாங்களோன்னு பயந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க இப்படி ஆவீங்கன்னு நினைக்கல," என்றார். அது முழு உண்மை இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் லேசாகத் தெரிந்தது. கோபப்பட வேண்டுமா என்று யோசித்தார். யோசனை பாதியிலேயே நழுவிவிட்டது.

திங்கட்கிழமை இடம் வேண்டாம் என்று நர்ஸ் போனில் சொன்னார். ஆறு வாரம் தவணை. பெட்டிக்குப் பூட்டு, சாவி உதவிப் பெண்ணிடம். இனி அவள் சாயங்காலமும் வருவாள். அவரும் தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், ஆபத்தாம். எனவே அன்றைக்கே அவர் பெயரிலேயே ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதே தூக்க மாத்திரை, முதலில் அரை, பிறகு கால். ஆகாத மருந்தை இப்போது முறைப்படி சாப்பிட வேண்டும் என்பதை அவர் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஐந்து வாரத்தில் அந்தப் பெட்டியும் ஓய்ந்தது. நாக்கு ஈரமானது, சாவி சரியான பூட்டில் நுழைந்தது. ஆறாவது வாரம் நர்ஸ் வந்து இரண்டு பேரையும் பரீட்சித்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும் என்று எழுதினார். ஒரே நிபந்தனை: ஐயாவின் தாள் மட்டும் தொடர வேண்டும். மருந்து இல்லாவிட்டாலும் தாள் உண்டு. தினமும் அவர் எதையும் விழுங்கவில்லை என்று உதவிப் பெண் கேட்டு எழுத, அவர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாத சரக்குக்குச் சீட்டுப் போடுவது எப்படி என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. போடாவிட்டால் மறுபடி நர்ஸ் வருவார். போட்டார்.

"இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடலன்னு போடட்டுமா ஐயா?" என்று கேட்டாள் உதவிப் பெண்.

"டீ சாப்பிட்டேனே."

"அது இல்ல ஐயா."

"எழுதிக்கோம்மா," என்றார் மனைவி அடுக்களையிலிருந்து. "எனக்கு ஆத்தி வச்சிருந்ததையும் சேத்துதான் குடிச்சிருக்கார்."