பிரிட்ஜ் மெக்கானிக்கின் தலையணை

ஊரில் பாதி வீட்டு பிரிட்ஜைப் பழுது பார்த்த மெக்கானிக், தன் உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து உயிர் தப்பிவிட்டது, ஆண்மைதான் திரும்பவில்லை. மின்விசிறி சத்தம் என்று சாக்குச் சொல்லி, தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். மனைவியும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்? செக்கப்புக்குக் கூடவே வந்தவள், டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். மனிதருக்குக் காது சிவந்துவிட்டது.

டாக்டர் அசரவில்லை. "நிறைய பேருக்கு வர்றதுதான். நரம்பு அடிபட்டிருக்கு, தேற ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகலாம். நெஞ்சு வலிக்கு மாத்திரை எதுவும் சாப்பிடலையே? அப்போ முதல்ல மாத்திரை தரேன். கேக்கலைன்னா அங்க ரத்தத்தை இழுத்துக் கொண்டுவர வேக்குவம் பம்ப் இருக்கு, அந்த இடத்துலயே போடுற ஊசி இருக்கு. எதுவுமே சரிப்படலைன்னா உள்ள ஒரு கருவி வைக்கலாம்."

படியிறங்கும்போது அவர் முனகினார். "ரெண்டு வருஷமா?"

"வண்டியில வந்து இறங்கின பிரிட்ஜை உடனே ஸ்விட்ச் போடாதீங்க, கொஞ்சம் சும்மா இருக்கட்டும்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு?" என்றாள் மனைவி.

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாதக்கணக்காக நெஞ்சை அழுத்திய பாரம் அந்தப் படியிலேயே இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே தலையணை படுக்கையறைக்குத் திரும்பியது.

"அந்தப் பம்ப்பை வாங்கினா டூல் பாக்ஸ்ல மட்டும் போட்டுடாதீங்க," என்றாள் அவள், தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே. "கேஸ் போடுறப்ப மாட்டுற உங்க வேக்குவம் பம்ப்னு நினைச்சு, யார் வீட்டு பிரிட்ஜுலயாவது மாட்டிட்டு வந்துடுவீங்க."